மின்னூர்திக்கு மழைக்காவல்

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மின்னூர்திக்கு மின்னேற்றலாமா என்று அஞ்சுவோர் பலர். ஒழுகும் தாழ்வாரத்தில் நீட்டுக்கம்பி இழுத்து, இரவெல்லாம் மின்னேற்றவிட்டு உறங்குவோரும் பலர். முன்னவர் அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுகின்றனர். பின்னவர் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருக்கின்றனர்.

பொது நிலையங்களில் மகிழுந்துக்கு மின்னேற்றும் கருவி, செருகியவுடன் மின்னை விடுவதில்லை. ஊர்தியும் கருவியும் ஒன்றற்கொன்று குறிப்புணர்த்தி, இணைப்புச் செவ்வையென்று கண்ட பின்னரே மின் பாயும். கழற்ற முற்படின் நின்றுவிடும். எனவே, செப்பமாக அமைந்த நிலையத்தில் மழைத்தூறல் பெருங்கேடு செய்வதன்று.

நம் வீட்டு ஈருருளியின் நிலை வேறு. அதன் மின்னேற்றியைச் சுவரிலுள்ள பிளக்குத் துளையிலன்றோ செருகுகின்றோம்? அத்துளையில் 230 வோல்ட்டு எப்போதும் காத்து நிற்கின்றது. ஈரக் கையையும் உலர்ந்த கையையும் அது வேறுபடுத்தி அறியாது. ஆகவே, காவல் அச்சுவரிலேயே அமைதல் வேண்டும்.

‘எம்.சி.பி.’ பொருத்தியுள்ளோமே என்பர் சிலர். 16 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் மிகும்போதே அது துண்டிக்கும். மாந்தன் நெஞ்சாங்குலையை நிறுத்துதற்கோ, ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கை ஒட்டிய ஓட்டமே போதியதாகலாம். 16 ஆம்பியர் இதனினும் ஐந்நூறு மடங்கிற்கு மிகை! எம்.சி.பி. கம்பியைக் காக்க வந்தது. உயிரைக் காக்க வந்ததன்று.

உயிரைக் காப்பது ‘ஆர்.சி.சி.பி.’ எனப்படும் கசிவுத் துண்டியே. சென்ற மின்னும் மீண்ட மின்னும் ஒத்துள்ளனவா என அஃது ஓயாது ஒப்புநோக்கும். 30 மில்லி ஆம்பியர் குறையினும் நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். அதிலுள்ள ஆய்வுப் பொத்தானைத் திங்களுக்கொருமுறை அழுத்திப் பார்த்தல் நன்று. ‘எர்த்து’ என மக்கள் வழங்கும் நிலத்தொடர்பும் செவ்வையாக இருத்தல் வேண்டும். நூறாயிரம் உருபா அளவில் ஊர்தி வாங்குவோர், அதனினும் மிகச் சிறு தொகையில் முடியும் இக்காவலுக்குக் கைசுருக்குதல் அறிவுடைமையாகுமா? குடியிருப்போர் கேட்டும் இதனைப் பொருத்த மறுக்கும் வீட்டுடைமையாளர், எதனைச் சேமிக்கின்றார் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

மின்னேற்றும் இடங்களுக்கென நடுவண் மின் ஆணையம் 2019-இல் நெறிகள் வகுத்தது. 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத கசிவுத் துண்டி வேண்டும். செருகுதுளை தரையினின்று 800 மில்லி மீட்டர் உயரத்திலேனும் இருத்தல் வேண்டும். நீட்டுக்கம்பி கூடாது என்பன அவற்றுட் சில. நன்னெறிகளே! ஆயின், நடுவண் அரசிதழ் பேசுவது இந்தியும் ஆங்கிலமுமே. சுவரில் துளையிடும் நம் மின்பணியாளர் இவற்றை எம்மொழியிற் படித்தறிவார்? உயிர்காக்கும் நெறி, உயிர்க்குரியவன் மொழியில் இல்லாவிடின் ஏட்டுச் சுரைக்காயே. மின்னேற்றி விற்போர் அதன் காப்பு நெறிகளைத் தமிழில் அச்சிட்டுத் தருதல் கடமை. தமிழர் அதனைக் கேட்டுப் பெறுதல் உரிமை.

வெள்ளத்தில் மூழ்கிய ஊர்தியை மீண்டும் செருகவே கூடாது. 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போது சென்னைத் தெருக்களில் ஊர்திகள் நீரில் மூழ்கியதை மறந்தோமா? ‘ஐ.பி. 67’ எனும் குறி, ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரைமணி நேரம் தாங்கும் என்பதற்கே சான்று. நாட்கணக்கில் தேங்கும் சாக்கடை நீர்க்கும் உப்புநீர்க்கும் அன்று. 2022-இல் அமெரிக்கப் புளோரிடாவில் இயான் புயலின் கடல்நீரில் மூழ்கிய மின்னூர்திகள் சில, பின்னர்த் தாமே தீப்பற்றின. மூழ்கிய ஊர்தியை வீட்டினின்று விலக்கி வெளியில் நிறுத்துக. பணிமனையார் ஆய்ந்து ஒப்பிய பின்னரே மின்னேற்றுக.

ஈரக் கையால் செருகற்க. நனைந்த செருகியைத் துடைத்து உலர்த்தாமல் பொருத்தற்க. இடி மின்னலின்போது ஏற்றத்தை நிறுத்துக. மழை வருமுன் இன்றே உம் வீட்டு மின்பெட்டியைத் திறந்து பார்மின்! அங்குக் கசிவுத் துண்டி இல்லையெனின், அடுத்த மின்னேற்றத்திற்கு முன் அதனைப் பொருத்துமின்!