ஆய்வகக் கதவைத் திறக்கக் கேளுங்கள்



அரசுப் பள்ளிகளில் அறிவியல் நடத்தும் ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், அங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் எனச் சிலர் கூடி இதை எழுதுகிறோம்.

"சயின்ஸ் நமக்கு வராது" என்று ஒரு பிள்ளை ஒதுங்கினால், படிப்பு ஏறவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது அவசர முடிவு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் 2009இல் தொடங்கிய ஆஸ்பயர்ஸ் ஆய்வு, இங்கிலாந்துப் பிள்ளைகளைப் பத்து வயதிலிருந்தே கவனித்து வந்தது. பெரும்பாலோருக்கு அறிவியல் பாடம் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் விஞ்ஞானியாக ஆசைப்பட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேர்தான். அறிவியல் தெரிந்த ஒருவரை வீட்டிலோ உறவிலோ கண்டிராத பிள்ளை, பாடம் பிடித்திருந்தும், அது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை என்று விலகிப் போகிறது. நம் தெருக்களிலும் இதே பேச்சுத்தான் கேட்கிறது.

டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 4,807 குழந்தைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லி, முடிவை 1983இல் வெளியிட்டார். பெண்ணை வரைந்தவர்கள் 28 பேர். அத்தனை பேரும் சிறுமிகள். பிந்தைய அமெரிக்க ஆய்வுகளில் பெண்ணை வரைபவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேராக உயர்ந்துவிட்டார்கள். மனதில் பதிந்த படம் மாறக்கூடியது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அதை மாற்றும் இடம் வகுப்பறை. பத்தாம் வகுப்பில் குவிலென்சின் குவியத்தொலைவு காணும் சோதனையைப் பாருங்கள். லென்சை ஜன்னலுக்கு நேரே பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், வெளியே நிற்கும் வேப்பமரம் வெள்ளைத் தாளில் தலைகீழாக, நிறம் மாறாமல் வந்து விழும். அதைப் பார்த்த பிள்ளை தானே ஸ்கேலை எடுத்து அளக்கும். ஆனால் பல இடங்களில் லென்ஸ் பீரோவுக்குள் இருக்கிறது. போன வருஷத்து ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதிக்கொள்கிறார்கள். செய்முறைக்கு 25 மதிப்பெண் வந்துவிடுகிறது. லென்சைத் தொட்ட அனுபவம் வருவதில்லை.

சாதாரணப் பள்ளிகளில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஹோஷங்காபாத்தைச் சொல்வோம். மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய திட்டம், எளிய பொருள்களை வைத்தே கிராமத்துப் பிள்ளைகளைச் சோதனை செய்ய வைத்தது. 2002இல் மாநில அரசு நிறுத்தும்வரை அது நடந்தது.

ஆசிரியர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவும் தேர்வு நெருக்கடியும் அவர்கள் நேரத்தைத் தின்கின்றன. பெற்றோர் கேட்டால்தான் தலைமையாசிரியரும் துணிந்து நேரம் ஒதுக்க முடியும். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு உரியது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். ஆய்வகம் வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது என்று கேளுங்கள். செய்முறை பீரியடில் மனப்பாடத் தேர்வு வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பையன்கள் கருவியைப் பிடிக்க, பெண் பிள்ளைகள் குறிப்பு எழுதுவது என்ற வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

எலக்ட்ரீசியன், மோட்டார் மெக்கானிக், நர்ஸ், லேப் டெக்னீஷியன் வேலை பார்ப்பவர்களே, ஒரு மணி நேரம் உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வாருங்கள். உங்கள் கைவேலையில் இருக்கும் அறிவியலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தலைமையாசிரியரிடம் இந்த வாரமே பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள்.