பால் பல்லும் பத்திரமும்

சென்ற மாதம் நெய்வேலியில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கியிருந்தேன். அவருடைய ஐந்து வயதுக் குழந்தை இரவெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதது. கீழ்த் தாடையின் கடைசிப் பால் பல்லில் சொத்தை. "விழப் போகிற பல்தானேடா! காலையில் பிடுங்கிப் போட்டுவிட்டு வா" என்றாள் பாட்டி. சிநேகிதரும் தலையை ஆட்டினார்.

பெரும்பாலான வீடுகளில் நிலவும் அபிப்பிராயம் இதுதான். ஆனால், பால் பல்லுக்கு மெல்லுவதைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. பின்னால் வரப்போகும் பல்லுக்கு அது இடம் பிடித்து வைக்கிறது.

நெய்வேலிவாசிகளுக்கு இதை விளக்குவது எளிது. 1956-இல் லிக்னைட் கார்ப்பரேஷன் தோன்றிய பின், முன்கூட்டியே திட்டமிட்டு வட்டம் வட்டமாக வகுத்த நகரம் அது. பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கிய மனையின் வேலியை முன்னதாகவே பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்? பக்கத்திலிருப்பவர் மெள்ள நகர்ந்து வந்து குடியேறிவிடுவார் அல்லவா?

வாயிலும் அதுவே நடக்கிறது. பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 6 வயதிலிருந்து 8 வயதுக்குள் விழுந்து முளைக்கும். பின்னாலுள்ள பால் கடைவாய்ப் பற்களோ 10 வயதுக்கு மேல் 12 வயது வரையில் இருக்க வேண்டியவை. இதற்கிடையே, ஏறக்குறைய 6 வயதில், அவற்றுக்கும் பின்னால் புதிய கடைவாய்ப் பல் ஒன்று முளைக்கிறது. இது விழுந்து முளைத்த பல் அன்று. ஆயுள் முழுவதும் நிலைக்க வேண்டியது. முன்னாலிருக்கும் பால் பல்லைப் பிடுங்கிவிட்டால், இது காலியிடத்தை நோக்கிச் சாய்ந்து நகர்ந்துவிடும். பதினோராம் வயதில் உரிய பல் வந்து பார்க்கும்போது இடம் இராது. அது ஈறுக்குள்ளேயே அடைபடும். அல்லது பக்கவாட்டில் முளைக்கும். மேல் தாடையில் கோரைப் பல் உயரத்தில் தெற்றிக்கொண்டு நிற்கும். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாமல் போகும். பிறகு வருஷக்கணக்கில் கம்பி கட்ட வேண்டும்.

ஆகையால், சொத்தையைச் சுத்தம் செய்து, அவசியமானால் மேலே உறையிட்டுப் பல்லைக் காப்பாற்றுவதே முதல் வழி. எடுத்தே தீர வேண்டுமானால், பக்கத்துப் பல்லில் வளையம் மாட்டி, அதிலிருந்து ஒரு கம்பி வளைவை நீட்டி, இடத்தைக் காத்து வைக்கிறார்கள். புதுப் பல் தலைகாட்டியதும் அதைக் கழற்றிவிடலாம். எல்லாப் பல்லுக்கும் இது தேவைப்படாது. முன்பல் போனால் இடம் அவ்வளவாகக் குறைவதில்லை. எதற்குத் தேவை என்பதைப் பல் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் சிறந்தது சொத்தை வராமல் காப்பது. சர்க்கரைப் பாலைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்தபடியே தூங்க விடாதீர்கள். இரவில் படுக்குமுன் பல் துலக்கி விடுங்கள். ஏழெட்டு வயது வரையில் அது பெற்றோரின் கடமை. குழந்தையின் கைக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

சிநேகிதரின் குழந்தைக்கு அந்தப் பல் பிழைத்தது. வைத்தியர் உறை போட்டு அனுப்பினார். பாட்டிக்குத்தான் சற்றுக் குறை. "அப்படியானால், பல்லைச் சாணியில் வைத்துக் கூரைமேல் எறிய நான் இன்னும் ஆறு வருஷம் காத்திருக்க வேண்டுமா?" என்று கேட்டாள்.

"அவசியம் காத்திருங்கள், பாட்டி!" என்றேன்.