செக்ரோல் புத்தகங்களைத் திறந்துவிடுங்கள்
கண்டி மாவட்டத் தோட்ட மக்களின் கோரிக்கைச் சாசனம்

கண்டி தலதா மாளிகைக்கு அருகேயுள்ள பழைய பிரிட்டிஷ் மயானத்தில், யானையால் இறந்தவர் யார் என்பதைக்கூடக் கேட்டறியலாம். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்த ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை மஹியாவையில் இருக்கிறது. அந்த 19 ஏக்கரில் குழி வெட்டிக் கன்று நட்டவர்களின் பெயரை எங்கே போய்த் தேடுவது?

எங்கள் பாட்டன் பாட்டிக்குக் கல்லறை இல்லை, கடதாசிதான் உண்டு. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது பேர் கொடுத்த நாளெல்லாம், செக்ரோல் என்னும் தோட்டத்து வேலைநாள் பதிவேட்டில் ஏறியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டமோ, பிரசாவுரிமை பெறுவதற்கு மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் இங்கே தொடர்ந்து இருந்ததை நிரூபிக்கக் கேட்டது. அன்று அத்தாட்சி இல்லையென்று பலரைத் திருப்பியனுப்பிய அரசுக்கு, இன்று அந்த ஏடுகளைக் காக்கும் கடமை இருக்கிறது.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் பல கம்பனிகளின் கைக்குப் போயின. கைமாறிய ஆபிஸ்களில் எஞ்சியிருக்கும் செக்ரோல், பிறப்பு, இறப்பு ஏடுகளைப் பொது ஆவணங்களென அறிவித்துத் தேசிய சுவடிகள் கூடத் திணைக்களம் பொறுப்பேற்க வேண்டும். அதுவரை ஒரு புத்தகமும் எரிக்கப்படவோ எடைக்குப் போடப்படவோ கூடாது. பிரசாவுரிமை விண்ணப்பக் கோப்புகளையும் வாரிசுகள் கண்டியிலேயே பார்க்க வசதி வேண்டும்.

பதிவாளர் அலுவலகங்களில் தமிழில் தேடித்தரும் அலுவலர் வேண்டும். கம்பளை வெள்ளத்தின்போது பிறந்தவள் என்பதுதான் ஒரு பாட்டியின் வயது. அதை 1947 என்று எடுத்துக்கொண்டு தோட்டம், டிவிஷன் பெயரை வைத்துத் தேடித்தர வேண்டும். திகதி கேட்டு விரட்டக்கூடாது. ராமாயி ஓர் ஏட்டில் ராமாய் ஆகியிருந்தால், அந்தப் பிழைக்குப் பேரப்பிள்ளை சத்தியக்கடதாசி முடிக்க வேண்டுமா? பழைய ஏடுகளில் சாதி எழுதப்பட்டிருந்தால் அதை ஊரறியத் திறக்கக்கூடாது. இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின்படி எங்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. தமிழ்நாட்டின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியவர்களின் பிள்ளைகளும் இதே பெயர்களைத் தேடுகிறார்கள். கடல் கடந்து வந்துபோனவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமின் பதிவுகளில் எஞ்சியவற்றை இரு அரசுகளும் பிரதியெடுத்துப் பகிர வேண்டும்.

கலஹா, தெல்தோட்டை, மடுல்கலை, நாவலப்பிட்டித் தோட்டத்து உறவுகளே, உங்கள் ஆபிஸில் பழைய செக்ரோல் கிடப்பது தெரிந்தால் தோட்டக் கமிட்டியில் இந்த வாரமே சொல்லுங்கள், இந்தச் சாசனத்தில் ஒப்பமிடுங்கள்.