சாலையோரத் தூய்மைக்கு யார் கூலி கொடுப்பது?

அமெரிக்கத் தென் மாநிலங்களின் நெடுஞ்சாலை ஓரங்களில் குப்பை பொறுக்குவோரிலும் புல் வெட்டுவோரிலும் பலர் சிறைக் கைதிகள். ஜார்ஜியாவில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. மாநிலக் கைதிகள் சிலரை, நம் மாவட்டத்துக்கு ஒப்பான கவுண்டி நிர்வாகங்கள் தம் சிறைகளில் வைத்துக்கொள்கின்றன. தலைக்கு இவ்வளவு என்று நாள் கணக்கில் மாநில அரசு பணம் தருகிறது. கைதிகளின் உழைப்பு கவுண்டிக்குப் போகிறது. இரு அரசுகளுக்கும் சிக்கனம். உழைப்பவருக்கு மட்டும் ஊதியம் இல்லை.

இதை முற்றாகக் குறைகூற எனக்கு மனமில்லை. நாளெல்லாம் அறையில் அடைந்து கிடப்பதைவிட வெளியே வேலை செய்வதை விரும்பும் கைதிகள் உண்டு, ஊரும் சுத்தமாகிறது. ஆனால், இதன் வேர் நல்லதல்ல. 1865இல் அடிமைமுறையை ஒழித்த 13ஆவது அரசமைப்புத் திருத்தம், குற்றத்துக்கான தண்டனைக்கு மட்டும் விலக்கு அளித்தது. அதன் நிழலில் தென் மாநிலங்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவரான கைதிகளைத் தனியாருக்கு வாடகைக்கு விட்டன. அம்முறையை 1908இல் ஜார்ஜியா கைவிட்டபோது, அவர்கள் சங்கிலியோடு கவுண்டிச் சாலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இன்று உறுத்துவது கணக்குப் புத்தகம். கூலியில்லா உழைப்பை நம்பி வரவுசெலவுத் திட்டம் போட்டுப் பழகிய உள்ளாட்சிக்கு, ஒழுங்காக நடக்கும் கைதி விடுதலையாவது நட்டம். 2017இல் லூசியானாவில் புதிய சட்டப்படி பலர் முன்கூட்டியே விடுதலையாகவிருந்தனர். கார் கழுவவும் சமைக்கவும் தங்களுக்குப் பயன்படும் 'நல்ல' கைதிகளும் போய்விடுவார்களே என்று கேடோ பகுதியின் ஷெரிப் ஸ்டீவ் பிரேட்டர் பகிரங்கமாகவே ஆதங்கப்பட்டார். அவருடைய வெளிப்படைத்தன்மைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். மற்றவர்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

அலபாமா வாக்காளர்கள் 2022இல் தம் மாநில அரசமைப்பிலிருந்து அந்த விலக்கை நீக்கினார்கள். கலிபோர்னியாவில் சிறைக் கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் முன்மொழிவு 2024 நவம்பரில் தோற்றது. என் பார்வையில், சட்ட வாசகத்தைவிட உள்ளாட்சிகளின் ஒப்பந்தங்களில்தான் முதலில் கைவைக்க வேண்டும். வேலைக்கு வருவது கைதியின் விருப்பமாக இருக்க வேண்டும். வெளியாள் ஒருவருக்கு அதே வேலைக்குத் தரும் கூலியைக் கவுண்டி தர வேண்டும். கட்டுப்படியாகாது என்பார்கள். அப்படியானால் தூய்மையின் உண்மையான செலவை வரி கட்டுவோர் அறிந்துகொள்ளட்டும். அந்தக் கூலியில் ஒரு பகுதியைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடாகவும், இன்னொரு பகுதியைக் குடும்பத்துக்கும் கொடுத்து, எஞ்சியதை விடுதலை நாளில் கைதியின் கையில் தரலாம்.