மைனர் பிள்ளைகளும் கால்பந்துக் கழகங்களும்

முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்திலும், மயிலைக் கடற்கரை மணலிலும், அடையாற்றுப் பக்கத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் செயற்கைப் புல்தரைகளிலும் கால்பந்தின் சப்தம் ஓங்கிவிடுகிறது. கழகங்களின் தேர்வு முகாம்களைப் பற்றிய விளம்பரங்கள் சுவர்களில் தோன்றுகின்றன. விடியற்காலையிலேயே பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். இதைக் கண்டு நாம் மகிழ்கிறோமே யல்லாமல் வருந்தவில்லை. நாம் பிள்ளையாயிருந்த காலத்தில் மயிலாப்பூரில் கிரிக்கெட்டுக்கு இருந்த மரியாதையில் கால் பங்குகூடக் கால்பந்துக்கு இருந்ததில்லை. பந்தை உதைத்துவிட்டு வீடு திரும்பிய பிள்ளைக்குப் புழக்கடையிலேயே விசாரணை நடக்கும். அந்த நிலை மாறியது நன்மையே. ஆனால் தேர்வில் வென்ற பிள்ளை எந்தக் காகிதத்தில் கையெழுத்திடுகிறான், அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்ற விஷயத்தை நமது பெற்றோரோ, கழகங்களோ, சர்க்காரோ இதுவரை யோசித்ததாகத் தெரியவில்லை.

சென்ற மாதம் நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் பிடிக்கும் தொழிலாளி ஒருவர் நமது காரியாலயத்துக்கு வந்தார். மடிப்புகளில் கிழிந்துபோயிருந்த இரண்டு பக்கக் காகிதம் ஒன்றை மேஜைமேல் வைத்தார். அது ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்தம். அவருடைய மகனை 13-ஆம் வயதில் ஒரு கழகத்தார் தேர்ந்தெடுத்து வெளியூரிலுள்ள தங்கள் விடுதிக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். சாப்பாடு, ஜாகை, காலணி, பள்ளிப் படிப்பு எல்லாம் தங்கள் பொறுப்பு என்றும், 18 வயது நிரம்பும்வரை பையன் வேறெந்தக் கழகத்துக்கும் ஆடலாகாது என்றும் அதில் கண்டிருந்தது. தகப்பனார் அழகான தமிழில் கையெழுத்திட்டிருந்தார். பையனும் இட்டிருந்தான். மூன்று வருஷம் கழித்து ஆட்டத்தில் பையனுக்கு முழங்காலில் அடிபட்டது. சில மாதங்களுக்குப் பின் அடுத்த பருவத்துக்கு அவன் தேவையில்லை என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை வந்தது, அத்துடன் சரி. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அவன் பெயரே கொடுக்கப்படவில்லை என்பது வீடு திரும்பிய பிறகுதான் தெரிந்ததாம். “ஐயா, இதை வெச்சு கோர்ட்டுக்குப் போக முடியுமா?” என்று அவர் கேட்டார்.

நாம் வக்கீல் தொழிலை விட்டுப் பல வருஷங்களாயின. எனினும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் புஸ்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி மேஜர் ஆனவனே ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவன். மைனர் செய்த ஒப்பந்தம் ஆதியிலிருந்தே செல்லாது என்று 1903-இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கௌன்ஸில் தீர்ப்பளித்துவிட்டது. பிள்ளைக்காகத் தகப்பன் கையெழுத்திட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் விடை உண்டு. ராஜ் ராணி என்ற மைனர் பெண்ணுக்காக அவள் தகப்பனார் பிரேம் அதீப் என்ற சினிமாத் தயாரிப்பாளருடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அவளுக்குக் கொடுத்த வேஷத்தைத் தயாரிப்பாளர் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்தார். வழக்குப் பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. அந்த ஒப்பந்தம் செல்லாது, ஆகையால் நஷ்டஈடு கோர முடியாது என்பதே தீர்ப்பு. அது 1949-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுப்பில் வெளிவந்திருக்கிறது. வேஷம் என்ற இடத்தில் ஆட்டம் என்று மாற்றிப் படித்தால் நொச்சிக்குப்பத்துப் பையனின் கதை அதுவே.

பிள்ளைகளைச் சூதுக்காரரிடமிருந்து காப்பாற்றுவதற்காக ஏற்பட்ட விதி இது. இங்கே அது பிள்ளைக்கே கதவடைக்கிறது. ஒப்பந்தம் செல்லாதென்றால் வேறு கழகத்துக்கு ஆடலாகாது என்ற ஷரத்தும் செல்லாதே, இரு பக்கமும் சமந்தானே என்று வாதிப்போர் இருப்பார்கள். சட்டப் புஸ்தகத்தில் சமமே. மைதானத்தில் அப்படியல்ல. ஓர் ஆட்டக்காரன் ஒரு காலத்தில் ஒரு கழகத்தின் பெயரிலேயே பதிவாகியிருக்கலாம் என்பது உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதி. பையனின் பெயர் ஒரு கழகத்தின் கீழ் பதிவாகியிருக்கும்வரை இன்னொரு கழகத்தின் சட்டையை அணிந்து அவன் இறங்க முடியாது. ஆக, கழகத்துக்குக் கோர்ட்டு வேண்டியதில்லை, பதிவேடு போதும். பையனுக்கோ கோர்ட்டும் இல்லை, பதிவேடும் இல்லை.

மாட வீதியிலிருந்தோ காந்தி நகரிலிருந்தோ மாதச் சம்பளம் கட்டிப் பந்து பயிலச் செல்லும் பிள்ளைக்கு இதனால் பெருநஷ்டம் ஒன்றுமில்லை. அவன் கழகத்திலிருந்து நீக்கப்பட்டால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். பிறகு டியூஷனுக்குப் போவான், காலேஜில் சேருவான். ஆனால் பெரிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அந்த வீடுகளிலிருந்து வருவதில்லை. சென்னையின் எப்.சி.க்கு ஆடிய தன்பால் கணேஷ் வியாசர்பாடிப் பிள்ளை. 2022–23-ஆம் பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கின் சிறந்த வளரும் ஆட்டக்காரர் என்ற பரிசைப் பெற்ற சிவசக்தி நாராயணன் சிவகங்கைச் சீமையின் கண்டனூரிலிருந்து புறப்பட்டு, முன்னாள் வீரர் ராமன் விஜயனிடம் பயின்று, பெங்களூர் எப்.சி.க்குச் சென்றவர். இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடித்தான் கழகங்கள் குப்பங்களுக்கும் கிராமங்களுக்கும் ஆள் அனுப்புகின்றன. அந்த வீடுகளில் பிள்ளையின் படிப்பே குடும்பத்தின் முதல். அதைப் பந்தயத்தில் வைத்துவிட்டுத் தோற்றால் மறுபடி வைக்க வேறொன்றும் கிடையாது.

வாக்குக் கொடுக்கும் கழகமே நாளைக்கு இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. சென்னை சிட்டி கழகம் கோயமுத்தூரைத் தாயகமாகக் கொண்டு ஆடி 2018–19-இல் ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. அதே 2019-இல் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் கழகம் அதில் பங்கு வாங்கியபோது, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஐரோப்பாவின் வாசல் திறந்துவிட்டதென்று கொண்டாடினார்கள், நாமும் கொண்டாடினோம். இன்று அந்தக் கழகம் தேசிய லீக்குகளில் இல்லை. 2015-லும் 2018-லும் சூப்பர் லீக் கோப்பையைச் சென்னைக்குக் கொண்டுவந்த சென்னையின் எப்.சி.யோ, லீக்கை நடத்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத குழப்பத்தில், 2025 ஆகஸ்டில் தன் காரியங்களை நிறுத்திவைப்பதாக அறிவிக்க நேர்ந்தது. குற்றம் அந்தக் கழகத்துடையதல்ல. ஆனால் சம்பளம் பெறும் வீரர்கள் அப்போது பத்திரிகைகளில் முறையிட்டார்கள், சம்மேளனத்திடம் மனுச் செய்தார்கள். 15 வயதுப் பையன் யாரிடம் மனுச் செய்வான்?

கழகங்களின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் நியாயம் தவறியவர்களாவோம். ஒரு பிள்ளையை ஐந்தாறு வருஷம் ஊட்டி வளர்த்துப் பயிற்றுவிப்பது லேசான செலவன்று. நூறு பேரைச் சேர்த்தால் ஒருசிலரே தேறுவார்கள். தேறியவனைப் பணக்காரக் கழகம் தட்டிக்கொண்டு போவதும் உண்டு. தேறாதவனைக் கழகம் நீக்குவதில் தவறில்லை. இங்கிலாந்தின் பெரிய கழகங்கள் ஒன்பது வயதிலேயே பிள்ளைகளைப் பதிவு செய்கின்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டக்காரர்களாவதில்லை. நீக்குவதையல்ல, நீக்கும் விதத்தையும், அதற்குள் படிப்பு பாழாகியிருப்பதையுமே நாம் ஆட்சேபிக்கிறோம். இன்னொன்றையும் கழகங்கள் நினைவில் வைக்க வேண்டும். ஆட்டக்காரன் ஒப்பந்த காலத்திலேயே தேசம்விட்டுத் தேசம் விலைக்குப் போகும்போது, 12 வயதிலிருந்து 23 வயது வரை அவனைப் பயிற்றுவித்த கழகங்களுக்கு அத்தொகையில் 5 சதவீதம் பிரித்துக் கொடுக்க வேண்டுமென்று உலகச் சம்மேளனம் விதித்திருக்கிறது. வளர்த்தவனுக்குப் பங்கு உண்டென்று உரிமை பேசும் உலகம், வளர்க்கப்பட்டவனுக்கு என்ன பாத்தியதை என்று கேட்பதில் பிழை என்ன?

இதற்கு மாதிரி நமது சட்டங்களிலேயே இருக்கிறது. 1961-ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டப்படி 14 வயது நிரம்பிய மைனர் தொழில் பழகச் சேரலாம். அவனுக்காகக் கார்டியன் கையெழுத்திடுகிறார். ஒப்பந்தம் சர்க்கார் அதிகாரியிடம் பதிவாகிறது. பழகும்போது அடிபட்டால் முதலாளி ஈடு கொடுக்க வேண்டும். முதலாளி ஷரத்தை நிறைவேற்றாததால் ஒப்பந்தம் முறிந்தாலும் நஷ்டஈடு உண்டு. பட்டறையில் லேத்து பிடிக்கும் பையனுக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கும்போது மைதானத்தில் கால் முறித்துக்கொள்ளும் பையனுக்கு ஏன் இல்லை? சட்டத்தை அப்படியே மைதானத்துக்குப் பொருத்த வேண்டுமென்று நாம் வற்புறுத்தவில்லை. அதன் அமைப்பைக் கடன் வாங்கினால் போதும். பிள்ளைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் வருஷத்துத் திருத்தம்கூட, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விளையாட்டில் ஈடுபடுத்தலாம், ஆனால் பள்ளிப் படிப்பு கெடலாகாது என்று சொல்கிறது. படிப்பு கெட்டதா என்று பார்த்துவர யாரும் நமது விடுதிகளுக்குப் போவதில்லை என்பதே குறை.

சட்டசபை இதற்கென்று ஒரு மசோதாவை எடுத்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பது நமது அபிப்பிராயம். 2000-ஆம் வருஷத்து ஐரோப்பியப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று அவமானப்பட்ட ஜெர்மனி, பிள்ளைகளுக்கான பயிற்சி நிலையம் நடத்தாத கழகத்துக்குப் பெரிய லீக்கில் லைசென்ஸ் இல்லை என்று ஷரத்து விதித்தது. 2014-இல் உலகக் கோப்பையை வென்ற அணியில் அந்த நிலையங்களில் வளர்ந்தவர்கள் பலர் இருந்தார்கள். அங்கே சாதித்தது லீக்கின் லைசென்ஸே. நமது ஊரில் அதைவிடக் கைக்கெட்டிய கருவி ஒன்றிருக்கிறது. நேரு ஸ்டேடியம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. தெருக்கோடி மைதானங்கள் பல நகர மாநகராட்சியின் சொத்து. தரையில்லாமல் எந்தக் கழகமும் ஆடிவிட முடியாது.

ஆகவே மைதானத்தை அனுமதிக்கும் உத்தரவிலேயே, மைனர் பிள்ளைகளைச் சேர்க்கும் கழகம் ஒவ்வொன்றும் கீழ்க்கண்டபடி நடக்க வேண்டுமென்று எழுதிவிடலாம். பிள்ளையின் ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். அதன் பிரதி ஆணையத்தில் பதிவாக வேண்டும். பள்ளி வருகைப் பதிவேடு வருஷம் இருமுறை ஆணையத்தின் முன் வைக்கப்பட வேண்டும். காயத்துக்கு இன்ஷியூரன்ஸ் வேண்டும். நீக்குவதானால் பள்ளி வருஷம் முடியுமுன் நீக்கலாகாது. காரணத்தை எழுத்தில் கொடுத்து, நீக்கிய அன்றே பதிவேட்டிலிருந்து பையனை விடுவிக்க வேண்டும். கழகம் மூடப்பட்டால் நடப்புப் பள்ளி வருஷத்தின் செலவுக்காக ஒரு தொகை முன்கூட்டியே பாங்கியில் கட்டப்பட்டிருக்க வேண்டும். பிள்ளைகளை நன்றாக நடத்தும் கழகங்களுக்கு இவற்றில் புதுச் செலவு அதிகமிராது. பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. மதுரை சேது கழகம் 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்ற பின் அவர்களைத் தேடியும் ஆட்கள் வருகிறார்கள்.

நொச்சிக்குப்பத்துத் தகப்பனாரிடம், வழக்குப் போட்டால் வெல்லுவது அரிது என்று உள்ளதைச் சொன்னோம். அவர் காகிதத்தைப் பழைய மடிப்புகளிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பையனைத் தனித் தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எழுத வைக்க எங்கே மனுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். விலாசம் எழுதிக் கொடுத்தோம்.