கல்லை மட்டும் பார்க்கிறவர்கள்

டிசம்பர் 22 நெருங்கினால் தனுஷ்கோடி தேவாலயத்தின் படம் ஏதாவது ஒரு நாளிதழில் வந்துவிடும். இந்த வாரமும் வந்தது. 1964 புயல், கடல் கொண்டுபோன பாம்பன் பயணிகள் ரயில், மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்ற அரசு அறிவிப்பு எல்லாம் செய்தியில் இருந்தன. கூரை போன பின்னும் அந்தச் சுவர்கள் உப்புக்காற்றில் எப்படி நிற்கின்றன என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை.

அது முருகைக்கல் சுவர். கடலில் வெட்டியெடுத்த பவளப்பாறை. அதையே சுட்டால் சுண்ணாம்பு. கல்லும் கடல் கொடுத்தது, கல்லைப் பிடித்து நிறுத்தும் சாந்தும் கடல் கொடுத்தது. அளவுக்கு மீறி வெட்டியதில் கடலும் இழந்தது. மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் மூழ்கியதற்குப் பவளப்பாறை வெட்டியதும் ஒரு காரணம். இன்று அதை வெட்டத் தடை இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும்.

இந்த வாரம் முழுக்கத் தனுஷ்கோடியைப் பற்றித்தான் எழுதியிருப்பேன், சின்னமனூர் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்காமல் இருந்திருந்தால். தாத்தா காலத்துக் கருங்கல் வீடு. மண் சாந்தில் அடுக்கி, இடுக்குகளில் சுண்ணாம்பு தீற்றிய சுவர். அதன்மேல் முழுக்கச் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தார்கள்.

“சுண்ணாம்பு பூசலாமே?” என்றேன் கொத்தனாரிடம்.

“அதுக்கு எங்கண்ணே போறது? நீத்தணும், அரைக்கணும், காயணும். இது ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்.”

அவர்மேல் குறையில்லை. அவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்க ஆளில்லை.

சிமென்ட் பற்றி இந்தப் பத்தியில் முன்பும் எழுதியிருக்கிறேன். நிறுத்த மனம் வரவில்லை. கருங்கல் தண்ணீரை அதிகம் குடிக்காது. தரையிலிருந்து ஏறும் ஈரம் கல்லுக்கு இடையிலுள்ள சாந்து வழியாகத்தான் வெளியேறும். சுண்ணாம்பு அதற்கு வழி விடும். சிமென்ட் அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி மண் சாந்து இளகும், உப்பு பூக்கும், பூச்சு பாளம் பாளமாக விழும். பிறகு “பழைய சுவர், அவ்வளவுதான்” என்று சொல்லி இடிப்பார்கள். எத்தனை வீடுகள் இப்படிப் போய்விட்டன!

சுண்ணாம்பு வலுவில்லாதது என்ற பேச்சைக் கம்பம் பள்ளத்தாக்கில் கேட்கும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. நம் வயல் நனைவதே சுண்ணாம்பால்தானே? 1887-இல் வேலை தொடங்கி 1895-இல் திறந்த முல்லைப் பெரியாறு அணையின் முன்முகமும் பின்முகமும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல். நடுவே இருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட். அடித்தளத்திலிருந்து 176 அடி உயரம். சுர்க்கி என்பது சுட்ட செங்கல் மண்ணின் பொடி. தனிச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லத்தான் இறுகும். அணையின் நடுவயிற்றுக்குக் காற்று போகாது. சுட்ட மண்ணில் உள்ள மணற்சத்து சுண்ணாம்போடு சேரும்போது தண்ணீருக்குள்ளும் இறுகும். அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் ஆட்கள் காட்டுக்குள், காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே, இந்தக் கலவையை நம்பித்தான் கட்டினார்கள். 1979-க்குப் பிறகு கான்கிரீட் கொண்டு அணையைப் பலப்படுத்தினார்கள் என்பது உண்மை. அதற்கு முன் எண்பது ஆண்டுகளுக்கு மேல் தண்ணீரைத் தாங்கியது சுண்ணாம்பும் கல்லும்தான்.

சனவரி 15-இல் பாலார்பட்டியில் பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம். லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது, தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். எல்லாம் சரி. அந்த அணையைக் கட்டிய கைவேலை நம் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் யாரைக் கேட்பது? தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு பருவமாவது சுண்ணாம்பு வேலை கற்றுத்தர முடியாதா? மாவட்டத்தில் பத்துக் கொத்தனார் பழகினால் போதும், இருக்கிற கல்வீடுகளைப் பார்த்துக்கொள்வார்கள்.

அதுவரை, கல்வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரில் ஈரம் தெரிந்தால் முதலில் வெளியே தண்ணீர் தேங்குகிறதா பாருங்கள், கூரை ஓட்டை மாற்றுங்கள், வாய்க்காலைத் திருப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். மேல்பூச்சு கட்டாயம் வேண்டுமென்றால் காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பு வேலை பார்ப்பவர்களை விசாரியுங்கள். கூலியும் கூடும், நாளும் கூடும். கொடுங்கள்.