கற்சிலைமடுவுக்குச் செல்வோம்

1803 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31 இல், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் கப்டன் ட்றிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. ஆங்கில ஆட்சியினர் பின்னர் அங்கு நாட்டிய கல்லில் அத்தோல்வியை மட்டுமே பொறித்தனர். கோட்டை வீழ்ந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வென்றவன் நாட்டிய கல்லே நமக்கு வரலாறாகலாமோ?

ஊவாவில் 1817-18 இலும் மாத்தளையில் 1848 இலும் எழுந்த கிளர்ச்சிகளைச் சிங்கள மக்கள் போற்றுகின்றனர், அது முறையே. ஆயின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளரும் நம் பிள்ளைகளுள், வன்னியன் போரிட்ட மண்ணை மிதித்தவர் எத்தனை பேர்?

கொழும்பிலுள்ள தமிழ்ப் பாடசாலைகளும் சங்கங்களும் ஆண்டுதோறும் அவர்களை அங்கு அழைத்துச் செல்லல் வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் தொடங்கும் பயணம் கற்சிலைமடுவில் முடியட்டும். வரலாறு கற்றவரும் வன்னி உழவரும் சேர்ந்து வழிகாட்டட்டும். பயணத்தின் ஊதியத்தில் உழவருக்கும் பங்கு கிடைக்கட்டும். கோட்டை வீழ்ந்தது ஆவணம் கூறுவது. காக்கைவன்னியன் காட்டிக்கொடுத்தான் என்பது ஊர்வாய்க் கதை. இரண்டையும் கூறி, வேறுபாட்டையும் உணர்த்துபவனே நல்ல வழிகாட்டி.

புகழ்மாலை சூட்டுவது எளிது; மண்ணை அறிவதே கடமை. பெற்றோரும் ஆசிரியரும் இவ்வாண்டே இதனைத் தொடங்குவாராக என வேண்டுகின்றோம்.